ஈரலுக்கு வேறு ஆஸ்பத்திரியா?

மனநல வாட்டில் ஒருவரைச் சேர்க்கும்போது, அதிலும் அவர் ஒரு காலத்தில் படையில் இருந்தவர் என்றால், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இரண்டுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம், கொஞ்சம் புலம்பலும் இருக்கும். நான் வைத்தியர் இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய சின்ன லாப் ஒன்றில் இரத்தம் எடுத்து, மெஷினில் ஓடவிட்டு, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிற ஆள். ஆனால் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தானாகவே பிடிபட்டுவிடும்: யாருக்கு எந்த டெஸ்ட் எழுதுகிறார்கள் என்பது மட்டுமல்ல, யாருக்கு எதை எழுதுவதே இல்லை என்பதும்.

மனநல கிளினிக்குகளில் இருந்து வரும் டெஸ்ட் துண்டுகள் எனக்கு மனப்பாடம். சீனி, கொலஸ்ட்ரோல், தைரொய்ட். லித்தியம் எடுப்பவர்களுக்கு லித்தியம் அளவு. குளோசபின் தொடங்கியவர்களுக்கு முதல் 18 வாரமும் கிழமைக்கு ஒரு தடவை வெள்ளணு எண்ணிக்கை, அதைத் தவறவிடவே கூடாது. வல்புரோவேட் எடுப்பவர்களுக்கு ஈரல் என்சைம்கள். எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம் கொஞ்சம் கூடியிருந்தால் அடுத்த துண்டில் மருந்தின் அளவு குறைந்திருக்கும், அல்லது ஆள் குடிக்கிறவர் என்றால் "குடியை விடச் சொல்லுங்கோ" என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மருந்தா, சாராயமா என்ற இரண்டு சந்தேகத்தோடு விசாரணை முடிந்துவிடும். மூன்றாவதாக ஒரு வைரஸும் இருக்கலாமே என்று கேட்டு எழுதிய துண்டு என் மேசைக்கு வருவது அபூர்வம். அதே ஆளுக்கு ஒரு கண் ஒப்பரேஷன், ஒரு ஹேர்னியா என்றால் உடனே எழுதிவிடுவார்கள், ஏனென்றால் அப்போது கத்தி பிடிக்கிறவரின் கைக்கு ஆபத்து. நோயாளியின் ஈரலுக்காக எழுதுவதற்கும் சர்ஜனின் விரலுக்காக எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு மாநிலங்களில் கடும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற 931 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். 19.6 வீதமானவர்களுக்கு ஹெபடைடிஸ் சி-யின் அடையாளம். பி எப்போதாவது தொற்றியதற்கான அடையாளம் 23.4 வீதம். பொதுச் சனங்களோடு ஒப்பிட்டால் சி ஏறக்குறைய பதினொரு மடங்கு, பி ஐந்து மடங்கு. இது மனநோய்ப் பக்கம். படைவீரர் பக்கத்தைத் தனியாக எடுத்தால், முன்னாள் படையினருக்கான அரச மருத்துவச் சேவைக்கு வருகிறவர்களில் 5.4 வீதமானவர்களுக்கு சி என்று 2005-இல் ஒரு கணக்கு வந்தது, அதுவும் நாட்டுச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இந்த இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற இடம்தான் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியின் மனநல வாட்டு. அங்கே எடுத்த சிறிய ஆய்வுகளில் வீதம் இன்னும் மேலே போனதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

காரணம் மனநோய் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "விசர் வந்தால் எல்லாம் வரும்" என்று படித்தவர்களே கதைக்கிறார்கள். பி-யும் சி-யும் இரத்தம் வழியாக ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போக வேண்டும், பி உடலுறவு வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் சுலபமாகப் போகும். வியட்நாமில் காயப்பட்டு இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் காலத்தில் ஹெபடைடிஸ் சி-க்குப் பெயரே கிடையாது. பிறகும் பல வருஷம் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று இல்லாததைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிட்டார்கள். வைரஸைக் கண்டுபிடித்தது 1989-இல், அதற்காக ஆல்ட்டர், ஹூட்டன், ரைஸ் மூவருக்கும் நோபல் பரிசு 2020-இல். நடுவில் எத்தனை பைகள் ஏறியிருக்கும்? அதைவிடப் பெரிய காரணம் ஊசி. வியட்நாமில் ஹெரோயின் மலிவாகவும் கலப்படம் குறைவாகவும் கிடைத்தபடியால் பெரும்பாலான படையாட்கள் அதைப் புகைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் பழக்கத்தை விட்டவர்கள்தான் அதிகம். விடாதவர்களுக்கு அங்கே கிடைத்தது விலை கூடிய, தரம் குறைந்த தூள், அதற்கு ஊசிதான் கட்டுப்படியான வழி. ஒரு காலத்தில், ஒரு சில தடவை, ஒரே ஊசியை நாலு பேர் பாவித்தது இருபது முப்பது வருஷம் கழித்து ஈரலில் வந்து நிற்கும். இடையில் அந்த மனிதருக்குத் தூக்கம் போயிருக்கும், கல்யாணம் உடைந்திருக்கும், குடி, தெரு, சிறை என்று அலைந்து கடைசியில் வாட்டுக்கு வந்திருப்பார். வாட்டில் அவருடைய கனவுகளைப் பற்றிக் கேட்பார்கள்.

இந்த நோயின் சரித்திரத்தைப் புரட்டினால் படைமுகாமும் காப்பகமும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1942-இல் அமெரிக்கப் படையினருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அதில் கலந்திருந்த மனிதச் சீரத்தில் ஹெபடைடிஸ் பி இருந்திருக்கிறது. ஏறக்குறைய 50,000 பேர் செங்கமாரி கண்டு விழுந்தார்கள். 1980களில், உயிரோடு இருந்தவர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டபோது, உண்மையில் தொற்றியவர்கள் 330,000 பேரளவில் இருக்கும் என்று வந்தது. கண் மஞ்சளித்தவர் ஒருவர் என்றால் ஒன்றுமே தெரியாமல் ட்ரில் அடித்துக்கொண்டு நின்றவர்கள் ஐந்தாறு பேர். இப்போதும் அப்படித்தான், கண் மஞ்சளித்தால் பார்க்கலாம் என்று காத்திருக்கிறவர்களுக்குப் பெரும்பாலான தொற்றுகள் கண்ணில் படவே படாது.

மற்றது வில்லோபுரூக். நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வைத்திருந்த பெரிய விடுதி. 1956 முதல் சோல் குரூக்மன் என்ற வைத்தியர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைடிஸைக் கொடுத்து ஆராய்ந்தார். இந்த நெரிசலில் எப்படியும் தொற்றத்தானே போகிறது என்பது அவர் சொன்ன நியாயம். ஏ-யும் பி-யும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவானதில் அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு எரிச்சலாக இருப்பது இதுதான்: படிப்பதற்கு முகாமிலும் காப்பகத்திலும் இருந்தவர்களுடைய உடம்பு வேண்டும், படித்து முடித்து மருந்து வந்தபோது வரிசையில் கடைசியாக நின்றவர்களும் அவர்கள்தான்.

கடைசியாக நின்றார்கள் என்று சும்மா சொல்லவில்லை. 2010களின் நடுப்பகுதி வரைக்கும் ஹெபடைடிஸ் சி-க்கு இருந்த முக்கிய மருந்து இன்டர்பெரோன். கிழமைக்குக் கிழமை ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின் குளிசை, ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருஷம் வரை. உடம்பெல்லாம் காய்ச்சல்காரன் மாதிரி நோகும், அதைத் தாங்கலாம். தாங்க முடியாதது மனதில் நடப்பது. மனநோயே இல்லாதவர்களுக்குக் கூட அது கடும் மனச்சோர்வைக் கொண்டுவரும், எரிச்சல், தூக்கமின்மை, சிலருக்குத் தற்கொலை எண்ணம். ஏற்கெனவே மனநல வாட்டில் இருந்து வந்த ஒருவருக்கு அதைக் கொடுக்க எந்த ஈரல் வைத்தியருக்குத் துணிவு வரும்? "முதலில் மனநிலையைச் சரிப்படுத்திக்கொண்டு வாருங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள், மனநல வைத்தியரோ மருந்தே கொடுக்கப் போவதில்லை என்றால் எதற்கு டெஸ்ட் என்று விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, நடுவில் ஆள் செத்தார்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சொபொஸ்புவிர் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு வந்த குளிசைகளோடு எல்லாம் மாறிப்போனது. எட்டு அல்லது பன்னிரண்டு கிழமை, வாயால் விழுங்குகிற குளிசை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுச் சுகம். இன்டர்பெரோன் செய்ததைப் போல மனதைக் குலைப்பதில்லை. அமெரிக்கப் படைவீரர் மருத்துவச் சேவை இதை வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படையினருக்குச் சிகிச்சை கொடுத்தது, மனநோய் உள்ளவர்களையும் குடிப்பழக்கம் உள்ளவர்களையும் ஒதுக்காமல். அதாவது டெஸ்ட் எழுதாமல் விட்டதற்கு ஒரு காலத்தில் இருந்த நியாயம் பத்து வருஷத்துக்கு முன்பே காலாவதி ஆகிவிட்டது. எழுதாமல் விடுகிற பழக்கம் மட்டும் ஆகவில்லை.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை, கொழும்புக்கு என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 19.6-ஐத் தூக்கிக்கொண்டு வந்து அங்கொடை, முல்லேரியா மனநல ஆஸ்பத்திரிகளில் ஒட்டினால் அது முட்டாள்தனம். இலங்கையில் பி-யும் சி-யும் குறைவு, சி ஒரு வீதத்துக்கும் கீழே. அதற்கு இரண்டு காரணங்களைத் தைரியமாகச் சொல்லலாம். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியின் கீழ் வரும் சேவை தானமாக வரும் ஒவ்வொரு பையையும் பரிசோதிக்கிறது, கொடுப்பவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள். மற்றது, எங்கள் ஊரில் குடு, அதாவது ஹெரோயின், அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள், ஊசி குறைவு. இந்த இரண்டாவதை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது, வியட்நாமிலும் முதலில் புகைதான் என்று மேலே சொன்னேன் அல்லவா. தூளின் விலையும் தரமும் மாறினால் பழக்கமும் மாறும்.

ஆனால் எங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை எவரும் போட்டுப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது 2003-இல். போர் முடிந்தது 2009-இல். அப்படியென்றால் அந்தப் போரில் நின்ற ஒருவர், எந்தப் பக்கத்தில் நின்றிருந்தாலும், அந்தத் திட்டத்துக்கு முன் பிறந்தவர். காயம், இரத்தம், கூடாரத்தில் கைமாறிய ரேசர் எல்லாவற்றையும் அந்தப் பாதுகாப்பு இல்லாத உடம்போடு கடந்த ஒரு முழுத் தலைமுறை.

அந்தத் தலைமுறையில் ஒருவரை எனக்குத் தெரியும். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். எங்கள் லாப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிளட்ஸ் (அடுக்குமாடி வீடுகள்), அதன் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார், ஆமியில் இருந்து காலில் காயத்தோடு வெளியே வந்தவர். கொழும்பில் பிளட்ஸ் கேட்டுகளில் நிற்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் என்று தோன்றும். வவுனியாவில் இருந்த காலத்தில் பிடித்த தமிழை வைத்துக்கொண்டு என்னைத் தங்கச்சி என்பார், நான் அங்கிள் என்பேன், பிளட்ஸில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள் அவரோடு அளந்துதான் கதைப்பார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது, இப்போது வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மனநல வாட்டில் கிழமைக்கணக்கில் இருந்திருக்கிறார். அதன் பிறகு மனநோய்க்கு மாதத்துக்கு ஒரு ஊசி, தவறாமல் போய்ப் போட்டுக்கொள்கிறார். ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு எழுதிக் கொடுத்த துண்டோடு ஒருநாள் எங்களிடம் வந்தார்.

ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ் ஏஜி டெஸ்டுக்கு நாங்கள் முதலில் பாவிப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்ட்ரிப். சுழற்றிப் பிரித்த சீரத்தில் இரண்டு மூன்று துளி விட்டால் ஈரம் ஊர்ந்து மேலே போகும், சி என்ற எழுத்துக்கு (கன்ட்ரோல், ஹெபடைடிஸ் சி அல்ல) நேரே ஒரு சிவப்புக் கோடு விழும், அது டெஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு. டி-க்கு நேரே ஒன்றும் வராவிட்டால் நல்லது. அவருடையதில் ஏழெட்டு நிமிஷம் வரைக்கும் ஒன்றுமில்லை, அப்புறம் டி-க்கு நேரே தண்ணீரில் கரைந்த மாதிரி ஒரு ரோஸ் நிறக் கோடு. இப்படி வெளிறிய கோட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பது எல்லா லாப்காரருக்கும் பழக்கம், ஆனால் விதி ஒன்றுதான், கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். இன்னொரு ஸ்ட்ரிப்பில் போட்டேன், பிறகு உறுதிப்படுத்த எலைசா என்ற இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பினோம். பொசிட்டிவ்.

ரிப்போர்ட்டைக் கவரில் ஒட்டிக் கொடுத்து வைத்தியரிடம் காட்டச் சொன்னால் கவுண்டரிலேயே கிழித்துப் பார்க்காதவர் யார்? ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "தங்கச்சி, இது அந்தப் பிஸ்ஸு (சிங்களத்தில் விசர்) மருந்தால வந்ததா?" இல்லை அங்கிள், மருந்தால் வராது, இது வைரஸ் என்றேன். அதற்குப் பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். காயப்பட்டபோது இரத்தம் ஏற்றியது. முகாமில் ஒரே ரேசரால் ஆறேழு பேர் மயிர் மழித்தது. வாட்டிலும், வரிசையாக உட்கார வைத்து, ஓர் உதவியாளர் ஒரே பிளேடால் எல்லாருக்கும் தாடி எடுத்தது. எந்த வாட்டு என்று நான் கேட்கவில்லை. இந்த வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும் என்று தெரிந்த எனக்கு அந்தப் பிளேடை நினைக்க வயிற்றைப் பிசைந்தது.

இவ்வளவுக்கும் அந்த மூன்றில் எதுவும் காரணமாக இல்லாமல் இருக்கவும் கூடும். வளர்ந்த பிறகு பி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடும். பிறந்தபோது தாயிடமிருந்து வந்தால்தான் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். அவருக்கு அது ஆமிக்குப் போகும் முன்பே இருந்திருக்கலாம். யாரால் வந்தது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. வாட்டில் கிழமைக்கணக்கில் படுத்திருந்தார், அங்கே இரத்தமும் எடுத்திருக்கிறார்கள், ஈரலால் வடியும் மருந்துகளைக் கொடுத்திருக்கிறார்கள், அப்போதே ஒரு ஸ்ட்ரிப்பில் மூன்று துளி விட்டிருந்தால் இத்தனை வருஷம் சும்மா போயிருக்காது. அதைத்தான் சொல்கிறேன். பி-க்குச் சி மாதிரி முழுச் சுகம் தரும் குளிசை இன்னும் இல்லை, ஆனால் தேவைப்படுகிறவர்களுக்கு டெனொபோவிர், என்டகாவிர் கொடுத்து வைரஸை அடக்கி வைக்கலாம், ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் பெருமளவு தடுக்கலாம். மனைவியைப் பார்த்தார்கள், அவருக்குத் தொற்றவில்லை, உடனே தடுப்பூசி தொடங்கினார்கள். மகன் 2003-க்குப் பிறகு பிறந்தவன், அவனுக்குக் குழந்தையிலேயே போட்டாயிற்று. அங்கிளின் கவலை வேறு: "பிளட்ஸ்ல சொல்லிடாதீங்க." ஆமியில் இருந்தது தெரியும், வாட்டில் இருந்தது தெரியாது, இப்போது மூன்றாவதாக இது.

மறுபக்கத்தில் நின்றவர்களைப் பற்றியும் சொல்லாமல் போனால் நான் இதைத் தமிழில் எழுதுவதில் அர்த்தமில்லை. போருக்குப் பின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்த முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற பட்டமும் இல்லை, அந்தப் பட்டத்தோடு வரும் ஆஸ்பத்திரியும் இல்லை. உடம்பில் செல் துண்டோடு, தூக்கமில்லாமல், கொழும்பில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து நிற்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள், மனநல கிளினிக்குக்குப் போனால் எதற்குப் போனாய் என்று இன்னொரு விசாரணை வருமோ என்ற பயத்தோடு. எங்கே காயப்பட்டாய் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான் ஆபத்து உள்ளவரா என்று கேள்வி கேட்டுப் பிரித்து டெஸ்ட் செய்யும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவிலும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள்: முதலில் ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும், 2012-இல் 1945-க்கும் 1965-க்கும் இடையில் பிறந்த எல்லாருக்கும், 2020-இல் வயது வந்த எல்லாருக்கும் ஒரு தடவையாவது சி. 2023-இல் பி-க்கும் அதே மாதிரி. எல்லாரையும் பார்க்கும்போது எவரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

மனநல வாட்டில் தாதியாக இருக்கும் என் சிநேகிதியிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நீ டெஸ்ட் பண்ணிட்டுப் போயிடுவாய், அதுக்குப் பிறகு அந்த ஆளின்ட தட்டைத் தனியா வைப்பாங்கள், கட்டில் தலைமாட்டில சிவப்பு மார்க்கரால கீறுவாங்கள்" என்றாள். அவள் சொல்வது நடக்கும். பி-யும் சி-யும் ஒரே தட்டில் சாப்பிட்டு வராது, கை குலுக்கி வராது, ஒரே கக்கூஸால் வராது. அப்படிச் சாப்பாட்டாலும் தண்ணீராலும் பரவுவது ஏ, 2009-இல் வவுனியாவில் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் பரவிய மாதிரி. இந்த ஏ, பி, சி குழப்பம் உதவியாளர்களிடம் மட்டுமல்ல, சில வைத்தியர்களின் வீட்டுக் கதைகளிலும் இருக்கிறது. ஆகவே டெஸ்ட் வேண்டும் என்றால் ரேசரை ஆளுக்கொன்றாகக் கொடுக்கவும் வேண்டும், ரிசல்ட்டை ஃபைலுக்குள் வைக்கவும் வேண்டும், நோயாளியிடம் சம்மதம் கேட்கவும் வேண்டும். விருப்பமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவரிடம் முதல் நாளே கேட்கத் தேவையில்லை, கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்கலாம். வில்லோபுரூக்கைப் படித்த பிறகு இந்தச் சம்மத விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்.

இன்னொன்று, ஈரல் முற்றாகக் கெட்ட நிலையில் மூளையும் தடுமாறும். இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், முன்னுக்குப் பின் முரணான பேச்சு, கையை நீட்டினால் படபடவென்று அடிக்கும். பழைய மனநோயாளி என்று ஃபைலில் இருந்தால் இதையும் அந்தக் கணக்கில் எழுதி ஊசியைக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு.

உங்கள் வீட்டில் யாராவது மனநல கிளினிக்குக்குப் போகிறார்கள் என்றால் அடுத்த தடவை எச்பிஎஸ் ஏஜி (பி-க்கு), அன்டி எச்சிவி (சி-க்கு) என்ற இரண்டு டெஸ்டின் பெயரையும் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் கேளுங்கள். சி பொசிட்டிவ் வந்து குளிசை தொடங்கப் போகிறார்கள் என்றால், ஆள் மனநிலைக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற கார்பமசிபைன் எடுக்கிறவரா என்பதை ஈரல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அது சொபொஸ்புவிரை வேலை செய்ய விடாது, முதலில் மனநல வைத்தியர் அதை வேறொன்றுக்கு மாற்ற வேண்டியிருக்கும். பி நெகட்டிவ் வந்து முன்பு தொற்றிய அடையாளமும் இல்லை என்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு மனநோயாளிகள் ஒழுங்காக வர மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு அங்கிளின் மாத ஊசிக் கார்டைக் காட்ட ஆசை. வருஷக்கணக்காக ஒரு மாதம் தவறவில்லை. ஒரு கையில் அந்த ஊசியைப் போடும் மிஸிக்கு, ஆறு மாதத்தில் மூன்று தடவை மற்றக் கையிலும் ஒன்றைப் போட எவ்வளவு நேரம் எடுக்கும்?